பழைய டிரெய்லர் லாரி வாங்கப் போறீங்களா? முதலில் போனை எடுங்க

(சாயர்புரத்தில் கனரக வாகன ஓட்டுநர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு வண்டியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிளட்ச் மிதிக்கும்போதே கியர் பாக்ஸ் கதையைச் சொல்லிவிடுவீர்கள். நான் செய்தித் துறையில் எழுதுகிற ஆள். எனக்குத் தெரிந்தது பேப்பர் பக்கம். இன்று அதை மட்டும்தான் பேசப் போகிறேன்.

தூத்துக்குடி துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. இன்று வ.உ.சிதம்பரனார் பெயரில் இருக்கிறது. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கிருந்து கன்டெய்னர் ஏற்றித்தான் குடும்பத்தை நடத்துகிறார்கள். பத்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவருக்கு, சொந்தமாக ஒன்று வாங்கி நாமே ஓட்டினால் என்ன என்று தோன்றுவது நியாயம்தான். புது வண்டிக்குப் பணம் பத்தாது. அதனால் நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய டிரெய்லர் பார்க்கக் கிளம்புகிறோம். வீட்டு நகையும், சேமிப்பும், கடனும் எல்லாம் அந்த ஒரே வண்டியில் போய் நிற்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். முதலில் பேப்பரைப் பாருங்க, பிறகு இன்ஜினைப் பாருங்க. இன்ஜின் கெட்டால் மெக்கானிக் இருக்கிறார். பேப்பர் கெட்ட வண்டி ஓடுகிற நிலையிலேயே வீட்டு வாசலில் நிற்கும்.

பஸ் ஏறுவதற்கு முன்னாடியே பாதி வேலையைப் போனில் முடிக்கலாம். புரோக்கரிடம் வண்டி நம்பரை வாங்குங்க. எம்பரிவாகன் செயலியிலோ பரிவாகன் இணையதளத்திலோ அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. வண்டி எப்போது பதிவானது, எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, வரி எதுவரை, ஃபைனான்ஸ் யாரிடம் என்ற விவரங்கள் வரும். இ-சலான் பக்கத்தில் கட்டாத அபராதம் தெரியும். இழுவை வண்டிக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி நம்பர் இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்க. முன்னாடி வண்டி சுத்தமாக இருந்து, பின்னாடி டிரெய்லர் அடுத்தவர் கடனில் இருந்தாலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

அடுத்தது வயசு. 8 வருஷம் வரை எஃப்.சி. 2 வருஷத்துக்கு ஒருமுறை. அதற்கு மேல் ஒவ்வொரு வருஷமும் எடுக்கணும். தேசிய பர்மிட்டுக்கும் வயசு வரம்பு உண்டு. சாதாரண சரக்கு வண்டிக்கு 12 வருஷம், இரண்டு அச்சுக்கு மேல் உள்ள வண்டிக்கு 15 வருஷம்.

இதை உங்கள் கடனோடு சேர்த்துக் கணக்குப் போடுங்க. 12 வருஷம் ஓடிய டிரெய்லரை 48 மாதத் தவணையில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேசிய பர்மிட்டுக்கு மீதி இருப்பது 36 மாதம். கடைசி 12 மாதம் தவணை மட்டும் இருக்கும், கொச்சிக்கோ பெங்களூருக்கோ ட்ரிப் எடுக்க முடியாது. திருப்பூர், மதுரை என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால் மாநில பர்மிட் போதும். எந்த ரூட்டில் ஓட்டப் போகிறோம் என்பதை முடிவு பண்ணிவிட்டு வண்டியைத் தேடுங்க.

மூன்றாவது எடை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியது. 6 அச்சு உள்ள 22 சக்கர டிரெய்லருக்கு மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. அதனால் பழைய வண்டியை விற்பவர், "55 டன் தாராளமா ஏத்தலாம் அண்ணாச்சி" என்பார். அவர் வாயில் வரும் எடையை விட்டுவிடுங்க, ஆர்.சி.யில் என்ன எடை பதிந்திருக்கிறது என்று பாருங்க. 49 என்று பதிந்த வண்டியில் 55 ஏற்றினால் 6 டன் அதிகம். மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மொத்தம் 32,000. சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில்தான்.

இதெல்லாம் சரியாக இருந்தால் வண்டியை நேரில் பாருங்க. சேஸ் நம்பரை பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்க. நம்ம ஊர் உப்பளத்தில் ஓடிய வண்டியாக இருந்தால் அடியில் படுத்துப் பார்க்காமல் வராதீங்க. புதுப் பெயின்ட்டுக்கு உள்ளே சேஸ் துருப்பிடித்திருக்கும். கிங் பின், ஃபிஃப்த் வீல் தேய்மானம், கன்டெய்னர் லாக் எல்லாம் பாருங்க. 22 டயரில் எத்தனை உடனே மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணி, அந்தப் பணத்தையும் விலையோடு கூட்டுங்க. முடிந்தால் லோடோடு ஓட்டிப் பாருங்க. காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

இனி முக்கியமான விஷயம். "29, 30-ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன், பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்பார்கள். படிவம் 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கானவை. அதை மடித்து பீரோவில் வைத்தால் பெயர் மாறாது. அப்படி வாங்கினால் வரி, சலான், எஃப்.சி. எல்லாம் இன்னொருவர் பெயரில் இருக்கும். நாளைக்கு அவர் இறந்துபோனாலோ, போனை எடுக்காமல் போனாலோ நீங்கள் யாரிடம் போவீர்கள்?

விற்பவருக்கும் இது ஆபத்து. கைமாறிக் கைமாறிப் போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போதோ விற்றுவிட்டேன் என்ற பதில் அங்கே எடுபடவில்லை. இதை விற்பவரிடம் சொல்லுங்க. அவரே அவசரமாகக் கையெழுத்துப் போட வருவார்.

விற்பவர் அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிக்கணும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்கணும். பழைய கடன் இருந்தால் படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-ல் ஆர்.டி.ஓ. தடையில்லாச் சான்று வாங்கணும். பர்மிட் தானாகப் பெயர் மாறாது, அதற்கு தனி அனுமதி. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்க. பழைய ஃபாஸ்டேகை அவர் மூடட்டும், நீங்கள் புதிது எடுங்க.

பேரம் பேசும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்க. முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீங்க. ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறியதும் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்க. நேர்மையாக விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்வார். மறுக்கிறவரிடம் காரணம் கேளுங்க. காரணம் சரியில்லை என்றால் அடுத்த வண்டியைப் பாருங்க. நாமக்கல்லில் வண்டிக்குப் பஞ்சமில்லை.

எந்த வண்டியையாவது பேசி வைத்திருப்பவர்கள் இப்போதே போனை எடுத்து அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. புரியாததை என்னிடம் காட்டுங்க, சேர்ந்தே பார்ப்போம்.