ஓடும் ஆட்டத்தில் ஒரு கணம்



தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவி நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குள் பெருவாரியாகப் புகுந்தது 1990-களிலேயாகும். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ம் ஆண்டில் ‘ஃபேமிகாம்’ என்ற பெயரில் ஒரு கருவியை வெளியிட்டது. அதன் நகல்களே நம் கடைத்தெருக்களில் மிகுதியாக விலைபோயின. தில்லியில் பாலிகா பஜாரின் நிலத்தடிக் கடைகளிலும், சென்னையில் ரிச்சி தெருவிலும் அவற்றை வாங்கியவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். ஆட்டம் அடங்கிய பிளாஸ்டிக் துண்டிற்குக் ‘கேசட்’ என்றே அன்று பெயர். அது வேலை செய்யாவிட்டால் கழற்றி, வாயால் ஊதி, மீண்டும் செருகுவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுச் செப்புத் தகடு கெடுமேயொழிய நன்மை ஏதுமில்லை என்பது பின்னாளில் தெரிந்தது. ஆயினும் ஊதாத சிறுவனும் உண்டோ?

அக்கருவிகள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. அவற்றின் இடத்தில் இன்று இருப்பது ‘எமுலேட்டர்’ என்னும் மென்பொருள். பழைய கருவியின் மின்சுற்றுகள் எவ்வெவ்வாறு இயங்கினவோ அவ்வவ்வாறே கணக்கிட்டு, கணினியைப் பழைய கருவியாக நடிக்கச் செய்வது இதன் தொழில். 1997-ம் ஆண்டு முதல் இத்தகைய மென்பொருள்கள் வீட்டுக் கணினிகளில் பரவலாயின. இன்றோ கைப்பேசியே இதற்குப் போதும். கேசட்டிலுள்ள ஆட்டத்தின் பிரதியை ‘ரோம்’ என்கிறார்கள். அதற்குப் பதிப்புரிமை உண்டு என்பதை நேயர்கள் மறத்தலாகாது. விலைக்குக் கிடைப்பதை விலை கொடுத்து வாங்குவதே முறை. ஆனால், அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இந்த நிலையில், ஆடுகிறவர் திரையிலிருந்து எடுத்து வைக்கும் ஒரு படமும் ஆவணமாகிவிடுகிறது. அப்படத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். ஸ்கிரீன்ஷாட் என்று எல்லோரும் சொல்லும் அதே படந்தான்.

எமுலேட்டரில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது ஒரு விசையை அழுத்தும் வேலை. ரெட்ரோஆர்க் என்ற பெயர்பெற்ற மென்பொருளில், நாமாக மாற்றாத வரையில், அது எஃப்-8 விசையாகும். முற்காலத்தில் இது எளிதாக இருக்கவில்லை. 1982-ல் ஆக்டிவிஷன் நிறுவனம் ‘பிட்ஃபால்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டு, 20,000 புள்ளிகள் எடுத்தவர்களுக்குத் துணியில் தைத்த சின்னம் ஒன்றைப் பரிசாக அனுப்பியது. எடுத்ததற்குச் சான்று, தொலைக்காட்சித் திரையைப் பிடித்த புகைப்படம். அறையை இருட்டாக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது, காமிராவை ஆடாமல் நிறுத்த வேண்டும். படக்குழாய்த் திரையில் ஒளிக்கற்றை வரிவரியாக ஓடியே படத்தை எழுதுகிறது. ஆதலால் காமிராவின் கதவு மிக விரைவாக மூடிக்கொண்டால் பாதிப் படமும் ஒரு கரும்பட்டையுமே கிடைக்கும். இவ்வளவும் செய்து, சுருள் முடியும் வரை காத்திருந்து, கழுவிப் பார்த்த பின்பே எண்கள் தெரிகின்றனவா என்பது விளங்கும்.

நம் வீடுகளிலோ அதுவும் இல்லை. 36 படங்கள் கொண்ட ஒரு சுருள் திருமணத்திற்கும் காதுகுத்திற்கும் உரியது. டி.வி. திரையைப் படம்பிடிக்க எந்தத் தந்தையார் அதைக் கொடுப்பார்? ஆகவே அந்த மாலைகளுக்குப் பதிவே கிடையாது.

படம் இல்லாத குறையை ஜப்பானியச் சிறுவர்கள் வேறு வகையில் உணர்ந்தார்கள். 1986-ல் வந்த ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்தில், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர வேண்டுமானால், திரையில் தோன்றும் ‘உயிர்ப்பு மந்திரம்’ ஒன்றைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அது 20 எழுத்துக்கள் கொண்டது. அடுத்த ஆண்டில் வந்த இரண்டாம் பாகத்திலோ அது 52 எழுத்துக்கள் வரை நீண்டது. ஜப்பானிய எழுத்தில் இரு சிறு கோடுகள் இட்டால் ஓர் ஒலி, சிறு வட்டம் இட்டால் வேறோர் ஒலி. மங்கலான திரையில் கோடு எது, வட்டம் எது என்று தெரியாமல் பிழையாக எழுதியவனுக்குப் பல நாள் உழைப்பும் வீண். நம் ஓலைச்சுவடிகளில், ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விட்டதனால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தத் துன்பம் உடனே புரியும். ஒரு விசையில் படம் பிடிக்கும் வசதி அன்று இருந்திருக்குமாயின் எத்தனை கண்ணீர் மிஞ்சியிருக்கும்!

இது ஒரு புறமிருக்க, இன்று நாம் விசையை அழுத்திப் பெறும் படம் உண்மையில் எதன் படம்? பலருக்கு இக்கேள்வியே விந்தையாகத் தோன்றலாம். கருவி தன் நினைவகத்தில் அமைத்த புள்ளிகளின் படமா, அல்லது அன்று நம் கண் திரையிற் கண்டதன் படமா? இரண்டும் ஒன்றல்ல. அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது பழகிய வழக்குத்தான். மூலத்தின் சொல்லைக் காப்பாற்றுவதா, கேட்டவன் நெஞ்சில் அது எழுப்பியதைக் காப்பாற்றுவதா என்று நாள்தோறும் கோப்புகளின் நடுவே போராடுகிறோம்.

சில உதாரணங்கள் சொல்லுவோம். செகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியில் 1991-ல் வந்த ‘சோனிக்’ ஆட்டத்தில் ஓர் அருவி உண்டு. அதை வரைந்தவர்கள் ஒரு கோடு நீலம், ஒரு கோடு வெறுமை என்று நெடுக்காக வரைந்து வைத்தார்கள். பழைய டி.வி.க்குச் செல்லும் ஒற்றைக் கம்பியில் அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னாலுள்ள பாறை தெரியும்படி தண்ணீர் பளபளக்கும். எமுலேட்டரில் எடுத்த கூர்மையான ஸ்கிரீன்ஷாட்டிலோ அருவி இருந்த இடத்தில் மூங்கில் தட்டி தொங்குகிறது! கருவி செய்தது தட்டிதான். சிறுவர்கள் கண்டது அருவி.

உருவங்கள் மினுக்குவது இன்னொன்று. ஃபேமிகாம் கருவி, திரையின் ஒரு வரியில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் வரைய இயலாது. ஒன்பதாவது மறைந்துவிடும். எப்போதும் ஒன்றே மறையக்கூடாது என்பதற்காக, ஆட்டத்தை எழுதியவர்கள் ஒவ்வொரு சட்டத்திலும் வரிசையை மாற்றி, மறையும் முறையை எல்லாவற்றுக்கும் பகிர்ந்தளித்தார்கள். விநாடிக்கு 60 சட்டங்கள் ஓடும்போது, எல்லா உருவங்களும் இருப்பதாகவும் சற்றே நடுங்குவதாகவும் கண்ணுக்குத் தோன்றும். ஒரு சட்டத்தை மட்டும் நிறுத்திப் பிடித்தால், எதிரிக்குக் கால் இல்லை, அல்லது எதிரியே இல்லை. எட்டு என்ற வரம்பை நீக்கும் வசதி பல எமுலேட்டர்களில் இருக்கிறது. அதை இயக்கினால் படம் நிறைவாக வரும். ஆனால் அந்தப் படத்தை அந்தக் கருவியில் எவரும் என்றும் கண்டதில்லை. வரம்பை நீக்காமல், ஆட்டத்தை நிறுத்தி, சட்டம் சட்டமாக நகர்த்தி, அடுத்தடுத்து மூன்று நான்கு படங்கள் எடுத்து நல்லதைத் தேர்ந்துகொள்வதே நேர்மை என்பது நம் கருத்து.

நிறத்தின் கதை இதனினும் சுவையானது. ஃபேமிகாம் கருவி சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று எண்களாக நிறத்தைச் சொல்வதில்லை, டி.வி.க்குரிய அலையையே நேராக வெளியிடுகிறது. அதை எண்ணாக மாற்றும் அட்டவணையை எமுலேட்டர் எழுதியவர்கள் அவரவர் கணிப்பில் அமைத்தார்கள். ஆகவே 1985-ல் வந்த ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தின் வானம் ஓர் எமுலேட்டரில் தெளிந்த நீலம், இன்னொன்றில் கத்தரிப்பூ சாயல். எது சரி என்று இன்றும் வாதம் நடக்கிறது.

அந்த வானத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றைத் தில்லியிலிருந்து திருப்பூரிலிருக்கும் நம் தமையனாருக்கு அனுப்பினோம். “தம்பி, படம் தப்பு. நம்ம வீட்டு டி.வி.யில ஆகாசம் பச்சையா இல்ல இருக்கும்?” என்று பதில் வந்தது. அவர் சொன்னது மெய்யே. அப்பெட்டியின் படக்குழாய் பழுதாகி, எல்லாமே பச்சை பாய்ந்து தெரியும். அப்பா அதை மாற்றவில்லை. பெட்டி எடைக்குப் போய் இருபது ஆண்டுகள் ஆகின்றன. எந்த அட்டவணையிலும் அந்தப் பச்சை இல்லை. நிறத்தைத் திருத்தும் மென்பொருளில் சிறிது சிறிதாகப் பச்சை ஏற்றி ஐந்து படங்கள் அனுப்பினோம். நான்காவதற்கு, “இதுதான்டா” என்று எழுதினார். பல மாதங்களாக இருவருக்கும் இடையே வீட்டு வரி ரசீதைத் தவிர வேறு பேச்சில்லாதிருந்தது. அன்றிரவு ஒரு மணி நேரம் பேசினோம். கருவிக்கு விசுவாசமான படத்தையும் அழிக்கவில்லை. இரண்டும் இருக்கின்றன.

இதைச் செய்ய விரும்பும் நேயர்களுக்குச் சில நடைமுறைகள். ரெட்ரோஆர்க்கில் ஜிபியு ஸ்கிரீன்ஷாட் என்றொரு அமைப்பு உண்டு. அதை இயக்கினால், பழைய திரை போலத் தோன்றுவதற்காகச் சேர்த்த வரிகளும் கலப்பும் படத்தில் அடங்கும். நிறுத்தினால் மூலப் புள்ளிகள் மட்டும் வரும். பின்னதன் அளவு மிகச் சிறியது, ஃபேமிகாமுக்கு 256-க்கு 240 புள்ளிகள். பெரிதாக்குவதானால் இரண்டு, மூன்று, நான்கு என முழு எண்ணாலேயே பெருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு என்றால் சில புள்ளிகள் தடித்துச் சில மெலிந்து அலங்கோலமாகும். இன்னொன்று, அன்றைய திரையில் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லை. அமெரிக்க, ஜப்பானிய முறையில் உயரம் ஏழென்றால் அகலம் எட்டு. நம் நாட்டுப் பால் முறையில் அகலம் இன்னும் கூடும். மேரியோ சற்று ஒல்லியாகத் தெரிகிறாரே என்று ஐயுறுபவர்களுக்கு விடை இதுவே.

கோப்பை பி.என்.ஜி. வடிவில் வைக்க வேண்டும். ஜே.பெக் வடிவம் இயற்கைக் காட்சிகளுக்கு ஏற்றது. எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும் அதன் முறை, கூரிய விளிம்புள்ள இப்படங்களைச் சுற்றி அழுக்குப் படியச் செய்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதிதான். ஊரிலிருப்பவர்களுக்கு ஆவணமாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். கோப்பின் பெயரில் ஆட்டம், எமுலேட்டர், நிற அட்டவணை, நாள் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். ‘படம் 1’, ‘படம் 2’ என்று விட்டால் ஐந்தாண்டு கழித்து நமக்கே விளங்காது. நம் பச்சை வானத்தின் கோப்பில் ஐந்தாவதாக ஒரு சொல்லும் சேர்த்திருக்கிறோம்: ‘அண்ணா சொன்னது.’