கொச்சித் திவான் சண்முகம் செட்டியார்



மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து, காயற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் வெல்லிங்டன் தீவு தெரியும். தீவுக்கு அப்பால் எறணாகுளம். அந்நகரில் சண்முகம் ரோடு என்றொரு சாலை உண்டு. முன்னாளில் காயலை ஒட்டியே சென்ற சாலை அது. பின்னர்க் காயலைத் தூர்த்து மரைன் டிரைவ் அமைத்தபோது நீர் விலகிப் போயிற்று. இவ்வூருக்கு வந்த புதிதில், அது முருகப்பெருமானின் திருநாமம் என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அது, 1892-ஆம் ஆண்டு கோயமுத்தூரில் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரின் பெயர். பொருளாதாரமும் சட்டமும் கற்று, மத்திய சட்டசபையின் தலைவராகவும் இருந்த அவர், 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றினார்.

அக்காலக் கொச்சியின் நிலையைச் சற்று மனத்திற் கொள்ள வேண்டும். மட்டாஞ்சேரியும் எறணாகுளமும் கொச்சி மன்னருக்கு உரியவை. மட்டாஞ்சேரியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கோட்டைக் கொச்சியோ ஆங்கில அரசின் ஆட்சிக்கு உட்பட்டது. ஒரு தெருவைக் கடந்தால் வேறொரு சர்க்கார்! காயலின் தென்பகுதியில் உரிமை கொண்டாடத் திருவிதாங்கூரும் இருந்தது. ஆகவே துறைமுகம் ஒன்று, அதற்குப் பங்காளிகள் மூவர். கப்பல்கள் உள்ளே நுழையாதபடி முகத்துவாரத்தில் கிடந்த மணல்திட்டை வெட்டி வழி கண்டவர் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர். வாரிய மண்ணைக் கொண்டே வெல்லிங்டன் தீவு எழுந்தது. 1928-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்தினுள் வந்தது. அப்பெருமை திவானுக்கு உரியதன்று. ஆயின் துறைமுகம் அமைந்த பின்னர் எழும் கேள்வி பொறியாளருடையதும் அன்று: சுங்க வருவாயில் யாருக்கு எவ்வளவு? பராமரிப்புச் செலவை யார் ஏற்பது? இக்கணக்குகளுக்கு நடுவிலேயே சண்முகம் செட்டியார் ஆறு ஆண்டுகள் அமர்ந்திருந்தார். அவர் காலத்திலேதான், 1936-இல், கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1938-இல் சமஸ்தான நிர்வாகத்தின் ஒரு பகுதி மக்கள் பிரதிநிதியான அம்பாட்டு சிவராம மேனோனிடம் ஒப்படைக்கப்பட்டது.

பின்னர் அவர் கண்ட சபைகள் பெரியவை. 1944-இல், உலக வங்கியும் சர்வதேச நிதி நிறுவனமும் உருவாகக் காரணமான பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியத் தூதுக் குழுவில் இடம்பெற்றார். காங்கிரஸ்காரர் அல்லராயினும், சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆனார்.

1947 நவம்பர் 26-ஆம் நாள் அவர் அளித்த வரவு செலவுத் திட்டம் ஏழரை மாதங்களுக்கே உரியது. வரவு சுமார் 171 கோடி ரூபாய். செலவு சுமார் 197 கோடி. செலவில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புக்கு. சர்க்கார் அறிக்கைகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகிய எனக்குப் பற்றாக்குறை என்ற சொல் பழகிப்போனது. அகதிகளின் கூட்டமும் உணவுப் பஞ்சமும் நிறைந்த அந்த ஆண்டில் அச்சொல்லுக்கு இருந்த கனம் வேறு.

அதனினும் கடினமானது பாகப்பிரிவினை. கையிருப்பில் பாகிஸ்தானுக்கு உரியதென ஒப்புக்கொண்டது 75 கோடி ரூபாய். 20 கோடி முன்னரே கொடுக்கப்பட்டது. காஷ்மீரில் போர் மூண்டதனால் எஞ்சிய 55 கோடியை நமது சர்க்கார் நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 13-இல் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டே நாளில் தொகையை விடுவிக்க முடிவாயிற்று. பகைவன் கைக்குப் போகும் பணமாயினும், பங்கு பங்குதான். கொச்சிக் காயலில் மூவர் கணக்கைப் பார்த்தவருக்கு இது புதிய பாடமாக இருந்திராது என்பது என் எண்ணம்.

அவரைப் புகழ்வோர் பலர் 1948 ஆகஸ்டு மாதத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். வருமான வரி ஏய்ப்பை ஆராயும் விசாரணைக் கமிஷனுக்குரிய பட்டியலிலிருந்து சிலருடைய பெயர்கள் நீக்கப்பட்டமை பற்றிச் சர்ச்சை எழுந்தது. அவர் பதவி விலகினார். ஓராண்டுப் பதவி இவ்வாறு முடிந்தது வருந்தத்தக்கதே. எனினும், இலாகாவில் நடந்ததற்கு மந்திரியே பொறுப்பு என்னும் முறை அன்று காக்கப்பட்டது. அதனை நான் சிறுமையாகக் கருதவில்லை.

அவ்விடத்துக்கு வந்தவர் கோழிக்கோட்டில் பிறந்த ஜான் மத்தாய். அவரும் பொருளாதார அறிஞர்; சென்னையில் பேராசிரியராக இருந்தவர். தமிழர் கொச்சியை ஆண்டார், மலையாளி சென்னையில் கற்பித்தார். இருவரும் அடுத்தடுத்து டில்லியில் ஒரே நாற்காலியில் அமர்ந்தனர்.

சண்முகம் செட்டியார் தமிழிசை இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். புகாரும் ஒரு துறைமுகப்பட்டினமே என்பதை மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1953-ஆம் ஆண்டு மே மாதம் அவர் காலமானார்.