குடிகாரனோடு குடித்தனம் இல்லை

(‘உதிர்ந்த இலைகள்’ என்ற பின்லாந்து நாட்டுத் திரைப்படத்தைத் தொழிலாளர்களுக்குத் திரையிட்டுக் காட்டிய பின் ஆற்றிய உரை)



படத்தைப் பார்த்தீர்கள். சண்டை இல்லை, மாட மாளிகை இல்லை, அழுது புரளும் காட்சி இல்லை. 81 நிமிடத்தில் கதை முடிந்துவிட்டது. கதாநாயகன் ஹொலாப்பா, மணலைப் பீச்சியடித்து இரும்பைத் துப்புரவாக்கும் தொழிலாளி. கதாநாயகி அன்சா, பெரிய கடை ஒன்றில் சாமான் அடுக்கும் பெண். இருவரும் இளவயதினர் அல்ல. இருவருக்கும் சொத்து இல்லை, சுற்றம் இல்லை. இப்படிப்பட்ட இருவரையும் சினிமாவின் நடுவில் நிறுத்தியவர் அகி கௌரிஸ்மாக்கி என்ற டைரக்டர். 1986-லும், 1988-லும், 1990-லும் அவர் எடுத்த மூன்று படங்களைப் ‘பாட்டாளிப் படங்கள்’ என்றே உலகம் அழைக்கிறது. குப்பை வண்டி ஓட்டுபவன், சுரங்கம் மூடப்பட்டதால் வேலையிழந்தவன், தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் பெண் – இவர்களே அந்தப் படங்களின் நாயகர்கள். அந்த வரிசையில் நான்காவதாக, 2023-ல் வந்த படம் இது. அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசும் பெற்றது.

படம் முடிந்ததும் இங்கே இரண்டு பேச்சுக்கள் என் காதில் விழுந்தன. “குடித்தான், கெட்டான், அவன் தலைவிதி” என்றார் ஒருவர். “முதலாளிதான் அவனைக் குடிக்க வைக்கிறான், அவனைக் குறை சொல்லி என்ன பயன்?” என்றார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சுக்கும் படம் பதில் சொல்கிறது. அதைத்தான் நான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

குழாய் வெடித்தது, பழி யார் மேல்?

பட்டறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஹொலாப்பா பிடித்திருந்த குழாய் பழையது, நைந்தது. அது வெடித்து அவனுக்குக் காயம் படுகிறது. நியாயமாக விசாரணை யார்மேல் வரவேண்டும்? நைந்த குழாயை மாற்றாத நிர்வாகத்தின் மேல்! ஆனால் நடப்பது என்ன? ஹொலாப்பாவின் மூச்சைச் சோதிக்கிறார்கள். சாராயம் இருக்கிறது. உடனே வேலை நீக்கம்! குழாயைப் பற்றிய பேச்சு அதோடு புதைந்துவிடுகிறது. வேலை போனதும் தங்கியிருந்த இடமும் போய்விடுகிறது.

தோழர்களே, இந்த ஒரு காட்சியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். குழாய் நைந்து போனதற்கு ஹொலாப்பாவின் குடி காரணமல்ல. அவன் பச்சைத் தண்ணீர் குடித்திருந்தாலும் அது வெடித்தே இருக்கும். ஆனால் அவன் குடித்திருந்ததால் நிர்வாகம் தப்பித்துக்கொண்டது. தன் குற்றத்தை மறைக்க முதலாளிக்கு ஒரு திரை தேவைப்பட்டது. அந்தத் திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தவன் ஹொலாப்பா!

அவன் ஏன் குடிக்கிறான்? நண்பன் ஹுவோத்தாரி கேட்கும்போது அவன் சொல்லும் பதில் நினைவிருக்கிறதா? மனம் சோர்ந்திருப்பதால் குடிக்கிறானாம். குடிப்பதால் மனம் சோர்ந்திருக்கிறதாம். கேட்டுச் சிரித்தோம். ஆனால் செக்கைச் சுற்றும் மாட்டுக்கு அது சிரிப்பா? பகலெல்லாம் தூசியும் இரைச்சலும். இரவில் கட்டிலும் சுவரும். விடிந்தால் மறுபடியும் தூசி. இந்த வட்டத்துக்கு நடுவில்தான் புட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அன்சாவின் தனிமை

அன்சா குடிப்பவள் அல்ல. ஆனாலும் தனிமை அவளை விடவில்லை. அவள் செய்வது ‘பூஜ்ய மணி’ ஒப்பந்த வேலை. அதாவது இத்தனை மணி நேரம் வேலை தருகிறேன் என்ற உறுதி எதுவும் முதலாளி தரவேண்டியதில்லை. தேவையானபோது கூப்பிடுவான்; வேலை செய்த மணிக்கு மட்டும் கூலி. செல்வம் கொழிக்கும் ஐரோப்பாவில், சுமார் 56 லட்சம் மக்கள் வாழும் நாட்டில், இது சட்டப்படி நடக்கிறது!

தேதி கடந்த உணவைக் குப்பையில் கொட்டச் சொல்லுகிறது கடை. அதில் கொஞ்சத்தை அவள் எடுத்துக்கொண்டால் திருட்டு என்கிறது. பையைச் சோதித்து வேலையை விட்டு நீக்குகிறார்கள். அப்போது உடன் வேலை செய்யும் பெண்களும் வேலையை உதறிவிட்டு அவளோடு வெளியேறுகிறார்களே, அது சிறிய காட்சி; ஆனால் பெரிய காட்சி. அடுத்து மதுக்கடை ஒன்றில் பாத்திரம் கழுவப் போகிறாள். கூலி தரவேண்டிய நாளன்று கடைக்காரனைப் போதைமருந்து விற்றதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அவள் கூலி? அம்போ!

வீட்டுக்கு வந்தால் மின்சாரக் கட்டணச் சீட்டு காத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் ரேடியோவை நிறுத்துகிறாள். அந்த ரேடியோவைத் திருப்பும்போதெல்லாம் உக்ரைன் யுத்தச் செய்தி. அவளோடு பேச அந்த வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். பேசுவதோ மரணத்தைப் பற்றி.

இரண்டாவது தட்டு

இந்த இருவரும் சந்திக்கிறார்கள். ஒரு கோப்பை காப்பி, ஒரு சினிமா. டெலிபோன் நம்பர் எழுதிய காகிதத்தை அவன் தொலைத்துவிட்டு, அதே சினிமாக் கொட்டகை வாசலில் நாள்தோறும் காத்து நிற்கிறான். அவன் நின்றதற்குச் சாட்சி, தரையில் கிடக்கும் சிகரெட் துண்டுகள்.

பிறகு அவள் அவனை விருந்துக்கு அழைக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு தட்டுத்தான் இருக்கிறது! கடைக்குப் போய் இன்னொரு தட்டு வாங்குகிறாள். தனிமை என்பதைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டாலும் இந்த ஒரு தட்டு சொல்வதைச் சொல்லாது.

விருந்தன்று அவன் மறைத்து மறைத்துக் குடிக்கிறான். அவள் பார்த்துவிடுகிறாள். தகப்பனும் குடியால் செத்தான். சகோதரனும் குடியால் செத்தான். அந்தத் துயரத்தில் தாயும் போய்ச் சேர்ந்தாள். ஆகவே அன்சா தெளிவாகச் சொல்லிவிடுகிறாள்: உன்னைப் பிடித்திருக்கிறது, ஆனால் குடிகாரனோடு எனக்குக் குடித்தனம் இல்லை. அவனோ, எனக்கு யாரும் உத்தரவு போடவேண்டாம் என்று எழுந்து போகிறான்.

கவனியுங்கள்! மேஸ்திரி அதட்டியபோது வாய் திறக்காதவன், முதலாளி வெளியே போ என்றபோது மூட்டையைக் கட்டியவன், தன்னை நேசிக்கும் பெண்ணிடம் மட்டும் வீரம் பேசுகிறான். இது எந்த நாட்டில் நடக்கவில்லை? இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அன்சா கல்நெஞ்சக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலை போனபோது தலைகுனியாத அதே பெண்தான் காதலிலும் தலைகுனிய மறுக்கிறாள். சகித்துக்கொள்வதுதான் பெண்ணின் அன்பு என்று நமக்கு எத்தனையோ படங்கள் பாடம் நடத்தியிருக்கின்றன. இந்தப் படம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்தியதால்தான் அவன் தன்னைப் பார்த்துக்கொள்கிறான். புட்டியைத் தொட்டியில் கவிழ்க்கிறான். குடியை விட்டுவிட்டேன் என்று அவளுக்குச் சொல்கிறான், வா என்கிறாள். போகும் வழியில் விபத்து. நினைவிழந்து கிடப்பவன் அருகில் உட்கார்ந்து அவள் பத்திரிகை படித்துக் காட்டுகிறாள். கடைசியில் ஊன்றுகோலோடு அவனும், அவளும், அவள் எடுத்து வளர்க்கும் நாயும் சேர்ந்து நடக்கிறார்கள். நாயின் பெயர் சாப்ளின்.

வெளியேறும் வழி

பின்லாந்து குடியோடு நெடுங்காலம் போராடிய நாடு. 1919-ல் அங்கே மதுவிலக்கு வந்தது. கடல் வழியே கள்ளச் சாராயம் குவிந்தது. 1932-ல் மதுவிலக்கைக் கைவிட்டு, அரசாங்கமே மது விற்க ஆரம்பித்தது. ஆனால் அதற்கும் முன்னால், 1898-ல், அந்த நாட்டுத் தொழிலாளர் இயக்கம் ‘குடி வேலைநிறுத்தம்’ ஒன்றை நடத்தியது. பல்லாயிரம் பேர் குடிப்பதில்லை என்று கையெழுத்திட்டார்கள். நாம் தெளிந்த தலையோடு நின்றால்தான் உரிமைக்குப் போராட முடியும் என்பது அவர்கள் எண்ணம். யாரும் தனியாக விடவில்லை, சேர்ந்து விட்டார்கள்.

ஆகவே, முதலில் பேசிய தோழருக்குச் சொல்கிறேன்: குடிகாரனைத் தூற்றினால் நைந்த குழாய் தப்பித்துக்கொள்ளும். இரண்டாவது தோழருக்குச் சொல்கிறேன்: எல்லாப் பழியையும் முதலாளி மேல் போட்டுவிட்டுப் புட்டியைத் திறந்தால், அன்சா வாங்கிய தட்டு குப்பைக்குத்தான் போகும். குழாயையும் மாற்றவேண்டும், புட்டியையும் கீழே வைக்கவேண்டும். ஒன்று முடியட்டும், பிறகு மற்றது என்று காத்திருக்க முடியாது.

நாளைக் காலை ஆலைக்குப் போவீர்கள், வயலுக்குப் போவீர்கள். கூலி வாங்கியதும் யாரோடும் பேசாமல் தனியே சாராயக் கடைப்பக்கம் நடக்கிறவன் ஒருவன் உங்கள் குழுவில் இருப்பான். அவனுக்குப் புத்திமதி சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டு அவன் காது மரத்திருக்கும். கூட நடங்கள். டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவன் வீட்டுப் பெண், இனிப் பொறுக்க மாட்டேன் என்று சொன்னால், அவள் பக்கம் நில்லுங்கள். நாளைக்கு ஒரு குழாய் வெடித்தால், குழாயைப் பற்றி மட்டுமே விசாரிக்கவேண்டிய நிலையில் நம் ஆட்கள் நிற்கட்டும்.