கடலடி வைத்தியர்

கலவாய் மீனின் குணத்தைக் கரையோர மக்கள் நன்கு அறிவர். அது வாயைத் திறந்தால் எதிர்ப்பட்ட சிறுமீன் உள்ளே போய்விடும். அதே கலவாய் முருகைக் கற்பாறையின் ஓரத்தில் அசையாது நின்று வாயை அகலத் திறக்க, விரலளவான நீலமீன் ஒன்று அதனுள் நுழைந்து, பற்களிடையே மேய்ந்து, செவுள் வழியே வெளிவருகின்றது. கலவாய் அதனை விழுங்குவதில்லை.

இச்சிறு மீனைத் துப்புரவு மீன் எனலாம். விஞ்ஞானிகள் இட்ட பெயர் லாப்ரொய்டஸ் டிமிடியாட்டஸ். செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை முருகைக்கல் வளரும் வெப்பக் கடல்களில் அது வாழ்கின்றது. இலங்கையைச் சூழ்ந்த கடலும் அவற்றுள் ஒன்று. நன்கு வளர்ந்ததும் 14 சென்ரிமீற்றருக்கு மேற்படாது. வாய் முதல் வால் வரை ஒரு கரிய பட்டை ஓடும். வாலை நெருங்க நெருங்க அது அகலும். அதனை அணைத்தாற்போல் ஒளிவிடும் நீலம். அந்த நிறம் வெறும் அழகன்று. கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைக்கு ஒப்பானது.

கடை என்றது மிகையன்று. துப்புரவு மீன் கற்பாறையில் ஓரிடத்தைத் தனதாக்கிக்கொண்டு, அங்கே உடலை நெளித்து ஆடி வாடிக்கையாளரை அழைக்கும். வரும் மீன்கள் சரிந்தும் தலைகீழாகவும் நின்று செதில்களையும் செவுள்களையும் காட்டும். அவற்றின் இரத்தத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணிகளே வைத்தியரின் ஊதியம். அவுஸ்திரேலியாவின் லிசாட் தீவில் கிரட்டர் என்னும் பெண் விஞ்ஞானி ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,300 தடவை மீன்களைச் சோதித்து, 1,200 ஒட்டுண்ணிகளை உண்கின்றது.

ஆயினும் இவ்வைத்தியர் முற்றும் யோக்கியர் அல்லர். ஒட்டுண்ணியைக் காட்டிலும் மீனின் உடலைப் போர்த்திருக்கும் வழுவழுப்பான சளிப்படலமே அவருக்கு உருசி. சமயம் வாய்த்தால் ஒரு கடி! கடிபட்ட மீன் துடித்து உதறும், துரத்தும், அல்லது வேறு கடையை நாடும். ஆணும் பெண்ணுமாய் ஒரே மீனுக்குப் பணி செய்கையில், பெண் கடித்ததால் வாடிக்கையாளர் விலகிவிட்டால், ஆண் அப்பெண்ணை விரட்டித் தண்டிக்கும். இதனை நீதியுணர்ச்சி என்று புகழவேண்டியதில்லை. தன் உணவு கைநழுவிய கோபமே அது.

முழுப் போலி வைத்தியரும் உண்டு. வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த மீன் ஒன்று இதே நீலமும் கரும்பட்டையும் பூண்டு, நம்பி நெருங்கும் மீனின் செட்டையைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும்.

துப்புரவு மீனின் இல்வாழ்வு இன்னும் விந்தையானது. ஓர் ஆணின் ஆட்சியில் பல பெண்கள் வாழும். ஆண் இறந்தால் வெளியிலிருந்து ஆண் வரவேண்டுமென்பதில்லை. பெண்களுள் பெரியது சில மணி நேரத்துக்குள் ஆணைப்போல் நடக்கத் தொடங்கி, சில வாரங்களில் முழு ஆணாகவே மாறிவிடும். ஹெரன் தீவில் கண்ட இம்மாற்றத்தை றொபேட்சன் என்பவர் 1972இல் வெளியிட்டார்.

இத்துணைச் சிறிய மீன் இல்லாவிடில் கற்பாறைக்கு என்ன நட்டம்? லிசாட் தீவின் சில கற்பாறைத் திட்டுகளிலிருந்து துப்புரவு மீன்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தனர். அத்திட்டுகளையே வீடாகக் கொண்ட மீன்களின் தொகை, துப்புரவு மீன் உள்ள திட்டுகளைவிட 37 சதவீதம் குறைந்திருந்தது. இனங்களின் தொகை 23 சதவீதம் குறைந்திருந்தது. 2011இல் வெளிவந்த முடிவு இது.

கண்ணாடித் தொட்டிகளில் அழகுக்கு வளர்ப்பதற்கென உலகின் பல கடல்களிலும் இம்மீன் பிடிக்கப்படுகின்றது. தொட்டியிலுள்ள நாலைந்து மீன்களிடம் ஒட்டுண்ணிகள் விரைவில் தீர்ந்துபோகும். வேறு இரையை ஏற்கப் பழகாதவை நாளுக்கு நாள் மெலிகின்றன. அப்போதும் அவை தொட்டியின் மூலையில் ஓரிடம் பிடித்து நின்று, கடந்து செல்லும் மீன்களைப் பார்த்து உடலை நெளித்து ஆடுகின்றன.