நகர்மன்றக் கூட்டத்தில் என்னதான் நடக்கிறது?

(கூட்டமைப்பின் நிர்வாகிகள், ஊக்குநர்கள், பிரதிநிதிகளுக்கான பயிற்சி நாளில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு நகர்மன்றக் கூட்டம். தலைப்பைப் போர்டில் எழுதினதுமே பின்வரிசையில் ஒரு அக்கா, "அங்க மைக்கைப் பிடுங்கிச் சண்டை போடுவாங்களே, அதுவா?"ன்னு கேட்டாங்க. ஆமா, அதேதான். பேப்பரில் நமக்கு வருவது அந்தச் சண்டை மட்டும்தான். யார் வெளிநடப்பு செய்தார், யார் தரையில் உட்கார்ந்து தர்ணா செய்தார் என்று போட்டோவோடு போடுவார்கள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "கூட்டத்தில் 58 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன." உங்க தெருவிளக்கு, உங்க வீட்டுக்கு முன்னால் தேங்கி நிற்கிற சாக்கடை, நீங்க பூக்கூடை வைக்கிற இடத்துக்குக் கட்டுற காசு எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ளேதான் கிடக்கு. இன்னிக்கு அதைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

முதல்ல பயப்படாதீங்க. நகர்மன்றக் கூட்டம் உங்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. நம்ம குழுக் கூட்டத்தில் என்ன செய்றோம்? வட்டமா உட்கார்றோம், வருகை எழுதுறோம், போன கூட்டத் தீர்மானத்தை வாசிக்கிறோம், சேமிப்பு, கடன் தவணை, புதுக் கடன் யாருக்கு என்று ஒவ்வொண்ணாப் பேசி முடிவெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். அங்கேயும் அதேதான். சாதாரணக் கூட்டம் மாதாமாதம் நடக்கும். நடுவில் அவசரக் கூட்டம், சிறப்புக் கூட்டம் என்றும் கூட்டுவாங்க. குறைந்த அளவு உறுப்பினராவது வந்திருக்கணும், அதுக்குப் பேர் கோரம். பேச வேண்டியதை எல்லாம் நம்பர் போட்டு, முன்கூட்டியே அச்சடிச்சு உறுப்பினர்களுக்கு அனுப்புவாங்க. அதுதான் கூட்டப் பொருள், பேச்சுவழக்கில் அஜெண்டா. தலைவர் நடத்துவார். ஆணையாளர், பொறியாளர், சுகாதார ஆய்வாளர், நகரமைப்பு ஆய்வாளர், வருவாய்ப் பிரிவுக்காரங்க எல்லாரும் பதில் சொல்ல உட்கார்ந்திருப்பாங்க. முடிவெடுப்பது மன்றம், நிறைவேற்றுவது ஆணையாளர். இந்த ரெண்டையும் குழப்பிக்காதீங்க. தண்ணி வரலைன்னா கவுன்சிலர் வீட்டுக்குப் போறோம், ஆனா குழாய் ரிப்பேருக்கு ஆள் அனுப்புறது அலுவலகம்.

நம்ம குழுவுக்கும் அவங்களுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம குழுவில் ரெண்டாயிரம் ரூபா கடன் கொடுக்க அரை மணி நேரம் பேசுவோம். அங்கே ரெண்டு லட்சம் அரை நிமிஷத்தில் போகும்!

நான் சும்மா சொல்லலை. பக்கத்து நகராட்சி ஒண்ணில் அனுமதி கேட்டு, பத்திரிகைக்காரங்க பக்கத்தில் ஒரு ஓரமா உட்கார்ந்து பார்த்தேன். தமிழ்த்தாய் வாழ்த்து முடிஞ்சது. எழுத்தர் எழுந்து "பொருள் எண் ஒன்று" என்று ஆரம்பிச்சார். பாதி வாசிக்கும்போதே முன்வரிசையில் "ஆல் பாஸ்" என்று ஒரு குரல். இப்படியே பத்துப் பதினைந்து பொருள் ஓடிச்சு. நடுவில் ஒரு உறுப்பினர், "எங்க வார்டுக்கு மட்டும் ஏன் ஒரு வேலையும் இல்லை?"ன்னு எழுந்தார். அங்கே இருபது நிமிஷம் சத்தம். சத்தம் அடங்கினதும் மிச்சப் பொருள்கள் எல்லாம் மொத்தமா நிறைவேறிடுச்சு. டீயும் பக்கோடாவும் வந்தது. நான் கையில் வாங்கி வைத்திருந்த கூட்டப் பொருளை அதற்குள் பாதிகூடப் புரட்டி முடிக்கலை.

அதனால் கூட்டத்தைப் பார்ப்பதைவிட அந்தக் காகிதத்தைப் படிக்கக் கத்துக்கறது நமக்கு முக்கியம். அதில் உள்ள தமிழ் கொஞ்சம் கரடுமுரடாத்தான் இருக்கும். ஆனா திரும்பத் திரும்ப நாலஞ்சு வாசகம்தான் வரும். "மன்றத்தின் பார்வைக்கும் பதிவிற்கும்" என்று முடிந்தால், மன்றத்துக்குத் தெரியப்படுத்துறாங்க, அவ்வளவுதான். "மன்றத்தின் முடிவிற்கு" என்று இருந்தால் அங்கே உறுப்பினர் பேசலாம், ஆட்சேபிக்கலாம், மாத்தலாம். "ஒத்திவைக்கப்பட்டது" என்றால் உங்க வேலை அடுத்த மாதத்துக்குப் போச்சு. ஏன் என்று யாராவது கேட்கலைன்னா அதுக்கும் அடுத்த மாதத்துக்குப் போகும்.

இன்னொரு வாசகம் இருக்கு, இதை அடிக்கோடு போட்டுக்கோங்க: "மன்ற அனுமதியை எதிர்நோக்கி." அதாவது வேலை நடந்து முடிஞ்சாச்சு, அனுமதி இப்போதான் கேட்கிறாங்க. குடிநீர் மோட்டார் எரிஞ்சு போச்சு, அடுத்த கூட்டம் வரைக்கும் ஊர் தாகத்தோட இருக்க முடியுமா? முடியாது. அந்த மாதிரி அவசரத்துக்கு இது நியாயமான வழிதான். ஆனா மாதாமாதம் அதே மோட்டார், அதே பொக்லைன் வாடகை, அதே பிளீச்சிங் பவுடர் இந்த வாசகத்தோடு வந்துக்கிட்டே இருந்தா கேள்வி கேட்கலாம். நம்ம குழுவில் பொருளாளர் கேட்காமலே செலவு பண்ணிட்டு, மூணு கூட்டமா வந்து "கையெழுத்துப் போடுங்க"ன்னு சொன்னா நீங்க விடுவீங்களா?

சில விஷயங்களில் மன்றத்துக்கு அதிகம் கை இல்லை என்பதையும் சொல்லணும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது ஞாபகம் இருக்கும். அந்த முடிவு மாநில அரசுடையது. சென்னை நகரின் பழைய பகுதிகளுக்கு அதிகம். நம்ம மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்குள்ளான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,800 வரை 75, அதுக்கு மேலே 100 சதவீதம். ஆனாலும் அந்தந்த மன்றம் கூடித் தீர்மானம் போட்டுத்தான் அமலுக்கு வந்தது. ஆட்சேபணை இருந்தா எழுதிக் கொடுங்கன்னு பொது அறிவிப்பும் கொடுத்தாங்க. நம்ம உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்த அறிவிப்பைப் பார்த்தீங்க? கை தூக்குங்க. ... சரி, கையைக் கீழே போட வேண்டிய வேலையே இல்லை.

இப்போ நம்ம வயித்துக்கு நெருக்கமான விஷயத்துக்கு வர்றேன். மார்ச் மாதக் கூட்டப் பொருளில் குத்தகை இனங்கள் வரும். தினசரி மார்க்கெட், வாரச்சந்தை, பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்ட், கட்டணக் கழிப்பிடம் இதெல்லாம் ஏலம் விட்டு, அதிகம் கேட்டவருக்குக் கொடுக்க மன்றம் அனுமதி கொடுக்கும். குத்தகை எடுத்தவர் யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்ற கட்டணத்தை நகராட்சிதான் நிர்ணயிக்கணும், அதுக்கும் தீர்மானம் இருக்கும்.

நம்ம பணி நடக்கிற ஒரு ஊரில் 14 பேர் கொண்ட குழு. எல்லாரும் கீரை, பூ, எலுமிச்சம்பழம் விற்கிறவங்க. அந்தக் குழுவில் ஒரு அக்கா ஆறு மாதமா சேமிப்பு சரியாக் கட்டலை. மற்றவங்க கோபமா இருந்தாங்க, குழுவை விட்டே எடுத்துடலாம்னு தீர்மானம் எழுதுற நிலைமை. நான் போயிருந்த அன்னிக்கு அந்த அக்கா அழல, சண்டை போடல, செலவுக் கணக்கை மட்டும் சொன்னாங்க. கூடை வைக்கிறதுக்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய் குத்தகைக்காரர் ஆளுக்குக் கொடுக்கிறாங்க. ரசீது இல்லை. சொன்னதும் மற்ற 13 பேரும், "நாங்களும் அதான் குடுக்கறோம், எல்லாரும் குடுக்கறதுதானே"ன்னாங்க.

அதிகாரபூர்வக் கட்டணம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி மனு எழுதினோம். பெரிய வேலை இல்லை, வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், "பொதுத் தகவல் அலுவலர்" என்று விலாசம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கிறவங்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. நகலுக்கு ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தரணும். தீர்மான நகல் வந்தது. தலைச்சுமைக் கூடைக்கு 15 ரூபாய்.

கணக்குப் போடுங்க. நாளைக்கு 25 ரூபாய் கூடுதல். மாதம் 26 நாள் வியாபாரம் என்றால் 650. வருஷத்துக்கு 7,800. பதினாலு பேருக்கும் சேர்த்தா 1,09,200 ரூபாய். நாம வங்கியில் கால்கடுக்க நின்னு கடன் வாங்குறோம், இங்கே ஒரு லட்சத்துக்கு மேல ரசீது இல்லாமப் போகுது. அந்த அக்காவைக் குழுவை விட்டு எடுக்கிற பேச்சு அன்னிக்கோட நின்னுது.

அந்தத் தீர்மான நகலை வார்டு உறுப்பினர் கையில் கொடுத்தோம். அவரும் பெண்தான். அடுத்த கூட்டத்தில் தீர்மான எண்ணைச் சொல்லிக் கேட்டார். எண்ணைச் சொல்லிக் கேட்டதால் "பரிசீலிக்கப்படும்" என்று மழுப்ப முடியலை. மார்க்கெட் வாசலில் கட்டணப் பலகை வைச்சாங்க. ரெண்டு மாதம் சரியா 15 ரூபாய். பிறகு மெதுவா 20 கேட்க ஆரம்பிச்சிருக்காங்க, பலகை மேலே ஒரு சினிமா போஸ்டர் ஒட்டியாச்சு. நம்ம ஆளுங்க போஸ்டரைக் கிழிக்கிறாங்க, மறுபடி ஒட்டறாங்க. இப்போ அப்படித்தான் போய்க்கிட்டிருக்கு. ஆனா ரசீது கேட்கிற பழக்கம் வந்திருக்கு. தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014-ல் வந்தது, அதன்படி அமைக்கிற நகர விற்பனைக் குழுவில் ஐந்தில் இரண்டு பங்கு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்கணும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்த இடத்துக்கும் நம்ம குழுவிலிருந்து பேர் கொடுக்கணும்னு பேசிக்கிட்டிருக்காங்க.

உறுப்பினர் பெண் என்றேன். அதைப் பத்தி ஒரு வார்த்தை. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் என்றார்கள். தமிழ்நாட்டில் 2016-ல் அதைப் பாதியாக்கிச் சட்டம் போட்டார்கள். ஆனா அதே வருஷம் மன்றங்களின் காலம் முடிந்து, அஞ்சு வருஷத்துக்கு மேல் நகரங்களில் தேர்தலே நடக்கலை, தனி அலுவலர்கள்தான் நடத்தினாங்க. அந்தக் காலத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று நாம தவிச்சது உங்களுக்குத் தெரியும். 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தபோதுதான் பாதி இடம் என்பது நகரங்களில் நிஜமாச்சு. அந்த முறை 21 மாநகராட்சிகளில் 11-ல் பெண்கள் மேயர் ஆனாங்க. சென்னையில் 28 வயதுப் பெண் பிரியா மேயரானார், அந்த நகரத்தின் முதல் தலித் பெண் மேயர். அங்கே முதல் பெண் மேயர் தாரா செரியன், அது 1950-களில்.

நான் பார்த்த கூட்டத்தில் பெண்கள் நிறையப் பேர் இருந்தாங்க. பேசினது ரெண்டு பேர். வெளியே வராந்தாவில் வீட்டுக்காரர்கள் பைலோட நிற்கிறாங்க. சிலரை ஊரே "கவுன்சிலர்"னு கூப்பிடுது! எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனா அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது அறுபது பொருள் கொண்ட காகிதத்தைக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னால் கொடுத்து, அதில் எதைக் கேட்கணும்னு சொல்லித் தர யாரும் இல்லைன்னா யாராலதான் பேச முடியும்? நாம போய் அவங்ககூட உட்காரலாம். "அக்கா, இந்த மாதம் நம்ம வார்டுக்கு எந்தப் பொருள் வருது?"ன்னு கேட்டாலே போதும், அவங்க காகிதத்தைத் திறப்பாங்க.

மன்றத்தில் நமக்கு ஓட்டு இல்லை. ஆனா வார்டு அளவில் நமக்குப் பேச இடம் இருக்கு. வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகளை 2022-ல் கொண்டு வந்தாங்க. அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று கூட்டம் நடந்தது, தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்ததில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் கலந்துகொண்டார். கிராம சபை மாதிரி இங்கே அந்தப் பகுதி வாக்காளர் யாரும் பேசலாம். சில ஊரில் பேருக்கு நடத்தி போட்டோ எடுத்துக்கிறாங்க, உண்மைதான். அப்படி நடந்தாலும் நாம போகணும். வாய்ப் பேச்சா சொல்லாம, மனுவா எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோட கையெழுத்து வாங்குங்க.

டீ வந்துடுச்சு, பொருளாளர் அக்கா என்னைப் பார்க்கிறாங்க. குடிச்சிட்டு வார்டு வாரியா உட்காருவோம். என்கிட்ட போன மாதக் கூட்டப் பொருள் நகல் நாலு செட் இருக்கு. ஒவ்வொரு வட்டமும் தன் வார்டு பேர் வர்ற பொருளை மட்டும் தேடி எடுக்கணும்: வேலை என்ன, தொகை எவ்வளவு, எந்த நிதி, முடிவு என்ன. பூக்காரத் தெரு வடிகால் மூணு கூட்டமா ஒத்திவைச்சுக்கிட்டே வருது, அது எந்தப் பக்கத்தில் இருக்குன்னு 9-வது வார்டு அக்காக்கள் முதல்ல கண்டுபிடிங்க. கண்ணாடி கொண்டு வராதவங்க பக்கத்தில் படிக்கத் தெரிஞ்ச பொண்ணை உட்கார வெச்சுக்கோங்க, எழுத்து ரொம்பப் பொடிசு.