அந்தப் பட்டியல் யார் கையில் இருந்தது?

(பேட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்ல ஒரு கேள்வி. 2020-ல் உங்க போன்ல ஆரோக்கிய சேது வச்சிருந்தவங்க கை தூக்குங்க. பரவாயில்லையே, பாதிப் பேருக்கு மேல இருக்கீங்க. சரி, அதை நீக்கினது எப்பன்னு ஞாபகம் இருக்கிறவங்க? ஒருத்தர்கூட இல்ல. அதைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்.

அந்தச் செயலி 2020 ஏப்ரல் 2-ஆம் தேதி வெளியானது. உருவாக்கியது மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம். பேர், போன் நம்பர், வயசு, பாலினம், தொழில், சமீபத்தில் எந்த நாட்டுக்குப் போய் வந்தீங்க என்றெல்லாம் கேட்டது. அப்புறம் உங்களுக்கு ஒரு ரகசிய அடையாள எண் கொடுத்தது. சந்தையில் நீங்களும் நானும் பக்கத்துல நின்னா, நம்ம ரெண்டு போனும் புளூடூத் வழியா அந்த எண்களை மாத்திக்கும். எனக்குத் தொற்று உறுதியானால், என் போனில் இருக்கும் பதிவு அரசு சர்வருக்குப் போகும், உங்களுக்கு எச்சரிக்கை வரும். இதுவரை நியாயம்தான்.

சர்ச்சை வந்தது லொகேஷனில். 15 நிமிடத்துக்கு ஒரு தரம் நீங்க எங்க இருக்கீங்க என்பதையும் அது போனுக்குள் குறிச்சு வைத்தது. யார் பக்கத்தில் நின்றார் என்று கண்டுபிடிக்கப் புளூடூத் போதுமே, எங்கே நின்றார் என்பது எதுக்கு? கூகுளும் ஆப்பிளும் சேர்ந்து அதே ஆண்டு மே மாதம் கொண்டுவந்த முறையில் லொகேஷன் எடுக்க இடமே இல்லை. நோய் எந்தப் பகுதியில் கூடுதுன்னு தெரியணும் என்பது அரசு சொன்ன காரணம். அதையும் தள்ளிவிட முடியாது. ஆனா கேட்டவங்களும் தப்பாக் கேட்கல.

மே 1-ஆம் தேதி உத்தரவில், வேலைக்குப் போகிற எல்லாருக்கும் இது கட்டாயம் என்றார்கள். மே 17-ல் அது ‘இயன்றவரை’ என்று தளர்ந்தது. நடுவில் மே 11-ல் தரவுக்கான நெறிமுறை வந்தது. பொதுவாக 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். மே 26-ல் ஆண்ட்ராய்டு செயலியின் மூல நிரல் வெளியிடப்பட்டது. 2021 ஜனவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் பயனாளர் தரவை மற்றவர்களோடு பகிரக் கூடாதுன்னு இடைக்கால உத்தரவு போட்டது. இவ்வளவு மாறியதுக்குக் காரணம், ஜனங்க கேள்வி கேட்டதுதான்.

சிங்கப்பூர் கதை தெரியுமா? நம்ம ஊர்க்காரங்க நிறையப் பேர் அங்க வேலை பாக்காங்க. ‘டிரேஸ் டுகெதர்’ தரவு தொற்றைக் கண்டறிய மட்டுமே என்று முதலில் சொன்னார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதைக் கேட்டு வாங்கலாம் என்பது தெரியவந்தது. மக்கள் கொதிச்சதும் பிப்ரவரியில் சட்டம் போட்டு, கடுமையான ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஒரு காரணத்துக்கு வாங்கிய தகவல் இன்னொரு காரணத்துக்குப் போறது இப்படித்தான்.

இப்ப எங்க வீட்டுக் கதை. என் பெரியம்மா பீடி சுத்துவாங்க. 2020-ல் அவங்களுக்குத் தொற்று. அவங்ககிட்ட இருந்தது பட்டன் போன், செயலியெல்லாம் கிடையாது. ஆனா தொற்று வந்தவங்க பட்டியல் ஒன்னு, பேரு, வயசு, கதவு எண்ணோட, அன்னிக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் தெருத்தெருவாகச் சுத்துச்சு. யார் போட்டோ எடுத்தாங்கன்னு இன்னிக்கும் தெரியாது. எனக்கே மூணு குரூப்பில் வந்தது. குணமாகி வந்த பிறகும் இலையும் தூளும் கொடுக்கிற கடையில் “அடுத்த வாரம் வாங்கக்கா” என்றார்கள். அடுத்த வாரமும் அதே பேச்சு. ரெண்டு மாசத்துக்கும் மேல பீடித்தட்டு சுவரில் சாய்ஞ்சே கிடந்தது. பெரியம்மாவுக்குக் காய்ச்சலைவிட அதுதான் பெரிய வலி.

அதனால செயலியை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அந்தப் பட்டியலை ஃபார்வர்டு பண்ணினவங்க எல்லாம் தெரிஞ்சவங்க, நல்லவங்க. ‘எச்சரிக்கையா இருங்க’ன்னுதான் அனுப்பினாங்க. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், உரிய அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தனியாக உத்தரவிட்டால் ஒழிய, நோயாளி வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டியதில்லை என்றது. வாசலுக்கே அப்படின்னா வாட்ஸ்அப்புக்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அதே நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-லேயே சொல்லியாச்சு.

ஆரோக்கிய சேதுவில் தொடர்பு கண்டறியும் வசதி நிறுத்தப்பட்டு, அந்தத் தரவும் அழிக்கப்பட்டதாக 2023 பிப்ரவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. செயலி பிறகு மருத்துவக் கணக்கு எண் போன்ற சேவைகளுக்கு மாறியது. வேண்டும்னா வச்சுக்குங்க. வேண்டாம்னா, செயலியை நீக்குவது வேறு, கணக்கை நீக்குவது வேறு. முதலில் உள்ளே போய் செட்டிங்ஸில் கணக்கை நீக்கிட்டு, அப்புறம் செயலியைத் தூக்குங்க.

இப்ப போனை வெளிய எடுங்க. செட்டிங்ஸ்ல லொகேஷன் போங்க, அங்க செயலிகளுக்கான அனுமதி இருக்கும். ‘எப்போதும்’ என்று எத்தனை செயலிக்குக் கொடுத்திருக்கீங்கன்னு எண்ணுங்க. டார்ச் லைட் செயலிக்குக்கூட கொடுத்திருப்பீங்க. தேவையானதுக்கு ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும், மத்ததுக்கு ‘அனுமதிக்காதே’. அண்ணாச்சி, உங்களுக்கு வரலையா? கொடுங்க, பாத்துடலாம்.