ஆடவரைத் தேடிச் செல்லும் நலப்பணி



அறக்கட்டளைகளும் சங்கங்களும் நடத்தும் விழாக்களில் மருத்துவ முகாமும் ஒரு பகுதியாக இடம்பெறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரத்த அழுத்தம் பார்க்கும் மேசையின் முன் நிற்கும் வரிசையை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவ்வரிசையில் பெண்களும் முதியோரும் மிகுந்திருப்பர். நாற்பதைக் கடந்து, கடையும் தொழிலும் நடத்திவரும் ஆடவரோ முகாமுக்கான ஏற்பாடுகளைக் கவனித்துக்கொண்டிருப்பர். நாற்காலிகளை எடுத்துப் போடுவர். மருத்துவருக்குத் தேநீர் வரவழைப்பர். தம் கையை மட்டும் அக்கருவிக்கு நீட்டமாட்டார்கள். கேட்டால், "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பதே விடையாக வரும்.

இந்த விடையின் விலை பெரிது. உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் ஆடவரின் சராசரி ஆயுள் பெண்களின் ஆயுளைவிடக் குறைவாகவே உள்ளது. உடற்கூறு இதற்கு ஒரு காரணம். பழக்கவழக்கமும், மருத்துவரை நாடுவதில் காட்டும் காலதாமதமும் மற்றக் காரணங்கள். இந்தியாவில் 2016-17ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி ஆடவருள் 42.4 விழுக்காட்டினரும் பெண்டிருள் 14.2 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டு இந்நாட்டில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் ஆடவர். குடும்பத்தின் சுமையைத் தாங்குபவர் என்று போற்றப்படுபவர், தம் சுமையைப் பிறரிடம் சொல்லத் தெரியாமலே சாய்ந்துவிடுகின்றார் என்பதையே இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

ஆடவர் நலத்துக்கெனத் தனியே இயக்கங்கள் தோன்றியதன் பின்னணி இதுவே. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு ஆடவர் நல வாரம் சட்டத்தின் வழியே ஏற்படுத்தப்பட்டது. ஜூன் மாதத்தில் தந்தையர் நாளில் நிறைவுறும் அவ்வாரம் பின்னர்ப் பிற நாடுகளுக்கும் பரவியது. நவம்பர் 19ஆம் நாளை உலக ஆடவர் நாளாகக் கொண்டாடும் வழக்கத்தை 1999இல் டிரினிடாட் நாட்டின் வரலாற்று ஆசிரியர் ஜெரோம் டீலக்சிங் தொடங்கிவைத்தார். ஆயினும், நாளும் வாரமும் குறிப்பதால் மட்டும் ஆடவர் மருத்துவரிடம் செல்வதில்லை. எம்முறை பயன் தந்தது, எம்முறை தரவில்லை என்பதை மூன்று முயற்சிகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

முதலாவது, மீசை இயக்கம். 2003ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் டிராவிஸ் கரோன், லூக் ஸ்லாட்டரி என்னும் நண்பர் இருவர், வழக்கொழிந்த மீசையை மீண்டும் கொண்டுவரலாமே என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டனர். அவர்களுடைய நண்பர் ஒருவரின் தாயார் மார்பகப் புற்றுநோய்க்காக நிதி திரட்டி வந்தார். அதனை முன்மாதிரியாகக் கொண்டு, நவம்பர் மாதம் முழுவதும் மீசை வளர்ப்பது என முடிவாயிற்று. முதலாண்டில் சேர்ந்தவர் 30 பேர். அடுத்த ஆண்டில் 450 பேர் சேர்ந்து 54,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டி, அந்நாட்டின் புராஸ்டேட் புற்றுநோய் அறக்கட்டளைக்கு வழங்கினர். 'மொவெம்பர்' எனப் பெயர் பெற்ற அவ்வியக்கம் பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவி, புராஸ்டேட் புற்றுநோய், விதைப்பைப் புற்றுநோய், மனநலம், தற்கொலைத் தடுப்பு ஆகியவற்றுக்கெனப் பாடுபட்டு வருகின்றது.

இதன் நுட்பம் மீசையில் இல்லை. மழித்த முகத்தோடு அலுவலகம் வந்துகொண்டிருந்தவர் திடீரென மீசை வைத்தால், "ஏன்?" என்று ஒருவர் கேட்கிறார். அக்கேள்விக்கு விடை கூறும்போது, வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் நோயின் பெயர் இயல்பாகப் பேச்சில் வந்துவிடுகின்றது. மீசை இயல்பாகவே உள்ள தமிழகத்தில் இவ்வடையாளம் எவரையும் கேட்கத் தூண்டாது. எடுத்துக்கொள்ளத்தக்கது கேள்வியை எழுப்பும் அந்த வழிமுறையே.

விழிப்புணர்வு பிழையற்றதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் பாடமும் இங்கு உண்டு. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையை எல்லா ஆடவரும் செய்துகொள்ளவேண்டும் என்ற பரப்புரை ஒரு காலத்தில் ஓங்கியிருந்தது. அவ்வளவு கூடியிருப்பதெல்லாம் புற்றுநோய் அன்று. புற்றுநோயே ஆனாலும் அவற்றுள் சில மிக மெதுவாக வளர்ந்து, ஆயுள் முழுவதும் தீங்கு செய்யாமலே இருந்துவிடும். அத்தகையவற்றுக்கும் அறுவையும் கதிர்வீச்சும் செய்து, சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்து துன்புற்றோர் உண்டு. ஆதலால் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2012இல் அப்பரிசோதனை வழக்கமாகச் செய்யப்பட வேண்டாம் என்றது. 2018இல் தன் கருத்தைத் திருத்தி, 55 முதல் 69 வயது வரை உள்ளோர் நன்மை தீமைகளை மருத்துவரோடு கலந்து பேசித் தாமே முடிவெடுக்கலாம் என்றது. முகாமில் கூட்டமாக இரத்தம் எடுத்து, தாளில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவது தொண்டாகாது. அவ்வெண்ணின் பொருளைச் சொல்ல ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஆடவர் கொட்டகை. இதுவும் ஆஸ்திரேலியாவில் தோன்றியதே. 1998ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தின் டோங்காலா என்னும் சிற்றூரில் அப்பெயருடன் ஒரு கொட்டகை திறக்கப்பட்டது. பணி ஓய்வு பெற்றோர், மனைவியை இழந்தோர், வேலையற்றோர் முதலியோர் அங்கே கூடி மரவேலை செய்வர்; பழுதான பொருள்களைச் சரிசெய்வர். இன்று அந்நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொட்டகைகள் உள்ளன. அயர்லாந்து, பிரிட்டன் முதலிய நாடுகளிலும் அவை பரவியுள்ளன. ஆடவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை, தோளோடு தோள் நின்றே பேசுகின்றனர் என்பது அவ்வமைப்பின் கொள்கை. "உன் மனத்துயர் என்ன?" என்று எதிரே அமர்ந்து கேட்டால் வாய் திறவாத ஒருவர், பலகையை இழைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம், "இரவில் உறக்கமே வருவதில்லை" என்று தாமாகவே சொல்லிவிடுகின்றார். ஓய்வுக்குப் பின் ஓர் ஆடவர் இழப்பது வருமானத்தை மட்டுமன்று. நாள்தோறும் தம்மை எதிர்பார்த்திருந்த ஓர் இடத்தையும் இழக்கின்றார். அவ்விடத்தைத் திருப்பித் தருவதே அக்கொட்டகையின் பணி.

மூன்றாவதே மிகுந்த படிப்பினை தருவது. அமெரிக்காவின் கறுப்பின ஆடவரிடையே உயர் இரத்த அழுத்தமும் அதனால் வரும் மரணமும் மிகுதி. மருத்துவமனையின்பால் அவர்களுக்கு நம்பிக்கை குறைவு. தம் முடிதிருத்துநரிடம் நம்பிக்கை மிகுதி. ஒரே கடைக்குப் பல்லாண்டுகளாக, சில வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் செல்வது அவர்கள் வழக்கம். இதனை உணர்ந்த இதய மருத்துவர் ரொனால்ட் விக்டர், முதலில் டல்லாஸ் நகரில் முடிதிருத்துநர்களைக் கொண்டே அழுத்தத்தை அளந்து, மருத்துவரிடம் செல்லுமாறு அறிவுறுத்தச் செய்தார். பயன் இருந்தது, ஆனால் சிறிதளவே.

பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 52 முடிதிருத்தும் நிலையங்களில் 319 பேரைக் கொண்டு அடுத்த ஆய்வு நடைபெற்றது. ஒரு பிரிவில் முடிதிருத்துநர் அறிவுரை கூறி, மருத்துவரைப் பார்க்குமாறு ஊக்கினார். மற்றப் பிரிவில், பயிற்சி பெற்ற மருந்தாளுநரே கடைக்கு வந்து, அவரவர் மருத்துவரின் இசைவோடு மருந்து தந்து, மீண்டும் மீண்டும் அளந்து, அளவைச் சீர்செய்தார். 2018இல் வெளியான முடிவு வியப்பளிப்பது. ஆறு மாதங்களில், அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 9.3 புள்ளி குறைந்தது. மருந்தாளுநர் வந்த பிரிவிலோ 27 புள்ளி குறைந்தது. 130/80 என்னும் அளவுக்குக் கீழே வந்தோர், அறிவுரை மட்டும் பெற்றவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். மருந்தாளுநரைச் சந்தித்தவருள் ஏறத்தாழ 64 பேர்.

இரு பிரிவினரும் ஒரே வகை மக்கள். இரு பிரிவினருக்கும் நம்பிக்கைக்குரிய ஒருவரே நல்லுரை கூறினார். வேறுபாடு ஒன்றே: ஒரு பிரிவில் சொல்லோடு பணி நின்றது, மற்றொன்றில் மருந்து கைக்கு வந்து, நோய் அடங்கும்வரை பணி தொடர்ந்தது. விழிப்புணர்வு வாயில் மட்டுமே. வாயிலைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே அழைத்துச் செல்ல ஆளில்லாமல் விட்டுவிடுவதே பெரும்பாலான முகாம்களின் குறை.

தமிழகத்திலும் இவ்வுண்மை உணரப்பட்டுள்ளது. 2021 ஆகஸ்டு மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்', இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாயிலுக்கே கொண்டு சேர்க்கின்றது. பகலில் வீட்டைத் தேடி வருவோரின் கண்ணில், வேலைக்குச் சென்றிருக்கும் ஆடவர் படுவது அரிது. 2024இன் தொடக்கத்தில் இத்திட்டம் பணியிடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

அறக்கட்டளைகள் செய்யத்தக்கவை இவற்றிலிருந்தே புலனாகின்றன. முகாமின் இடமும் நேரமும் ஆடவருக்கு ஏற்றவையாக அமைதல் வேண்டும். வணிகம் நடைபெறும் முற்பகலில் மண்டபத்தில் நடத்துவதினும், மொத்த வணிகத் தெருவிலும் லாரிகள் நிற்குமிடத்திலும் கடைசாத்தும் வேளையில் நடத்துவது மேல். முதலாளி முதலில் தம் கையை நீட்டுதல் வேண்டும். பின்னர்த் தம் கடைப் பணியாளருக்கு ஊதியம் பிடிக்காமல் ஒரு மணி நேரம் விடுதலை அளித்தல் வேண்டும். மிகுந்த அளவு காணப்பட்டவரின் பெயரும், அவர் மீண்டும் வரவேண்டிய நாளும் ஒரு பதிவேட்டில் ஏறவேண்டும். அந்நாளில் அவர் வராவிடில், நினைவூட்ட ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். அப்பதிவேடு பிறர் கண்ணில் படாமல் காக்கப்படுதலும் இன்றியமையாதது. நோய்ச் செய்தி ஊர்ப்பேச்சாகிவிடும் என்று அஞ்சுபவர் மறுமுறை வரமாட்டார்.

மனத்துயருக்கும் இதுவே நெறி. கடன், வணிக நட்டம், குடும்பப் பிளவு ஆகியவற்றால் ஒருவர் ஒதுங்கத் தொடங்கும்போது, "தைரியமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்தல் போதாது. அருகில் இருந்து, ஏதேனும் ஒரு பணியில் உடன் சேர்த்துக்கொண்டு, அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டல் வேண்டும். அரசின் 14416 என்னும் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம் என்பதை எடுத்துரைத்து, முதல் அழைப்பின்போது உடனிருத்தலும் நல்லது.

நூறு பேருக்கு அளந்து பார்த்தோம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது எளிது. அந்நூறு பேருள் எத்தனை பேருக்கு ஆறு மாதங்களுக்குப் பின்னர் அழுத்தம் அடங்கியிருக்கின்றது என்று எழுத முடியுமானால், அதுவே முகாமின் உண்மையான கணக்கு. வரவையும் செலவையும் பைசா பிசகாமல் எழுதிப் பழகிய கைகளுக்கு இக்கணக்கு அரிதன்று. அடுத்த விழா மலரில் அவ்வெண் இடம்பெறுமாக.